சுப்பிரமணிய சிவா: ரயிலில் ஏறத் தடை... கழுத்து நரம்பில் தெரியும் நோய்!

தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம் இருக்கிறது. வ.உ.சி.யின் தோழர், மேடையில் அனல் பறக்கப் பேசியவர் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். ஆனால் ஒரு கட்டத்தில் அவரை ரயிலில் ஏறவே விடவில்லை என்பது பலருக்குத் தெரியாது. காரணம், தொழுநோய். அதே நோயைக் கண்டுபிடிக்க இன்று உதவும் சோதனைகளில் ஒன்று ரொம்ப எளிமையானது: கழுத்தை விரலால் தொட்டுப் பார்ப்பது.

யார் இந்த சிவா?

1884 அக்டோபர் 4-ம் தேதி வத்தலகுண்டில் பிறந்தவர். 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, வ.உ.சி.யும் சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். அதே ஆண்டு மார்ச் 12-ல் இருவரும் கைது செய்யப்பட, மறுநாள் திருநெல்வேலியில் கலவரமே வெடித்தது. ராஜத்துரோக வழக்கில் சிவாவுக்கு 10 ஆண்டு தண்டனை. மேல்முறையீட்டில் அது 6 ஆண்டாகக் குறைந்தது.

சிறை தந்தது என்ன?

1912-ல் விடுதலையாகி வெளியே வந்தவரின் உடலில் தொழுநோய் இருந்தது. அதற்காக அவர் முடங்கிவிடவில்லை. 1913-ல் 'ஞானபானு' இதழைத் தொடங்கினார். ஊர் ஊராகப் போய்ப் பேசினார், மீண்டும் சிறைக்கும் போனார். நோயைக் காட்டி ரயில் பயணம் மறுக்கப்பட்டபோது, மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் பயணத்தைத் தொடர்ந்தார். புண்ணான கால்களோடு அப்படிப் போவது எவ்வளவு கொடுமை என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தப் பயம் நியாயமானதா?

தொழுநோய்க்குக் காரணமான கிருமியை நார்வே மருத்துவர் ஹான்சன் 1873-லேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் சிவா வாழ்ந்த காலத்தில் நோயைக் குணமாக்கும் மருந்து இல்லை. அதனால் பயம்தான் மிஞ்சியது. உண்மையில் இது தொட்டவுடன் ஒட்டிக்கொள்ளும் நோய் அல்ல. பெரும்பாலானவர்களுக்கு இதை எதிர்க்கும் சக்தி இயற்கையாகவே உண்டு. சிகிச்சை பெறாத நோயாளியோடு நீண்ட நாள் நெருங்கிப் பழகினால்தான் பரவ வாய்ப்பு அதிகம்.

கழுத்தில் என்ன பார்க்கிறார்கள்?

இந்தக் கிருமிக்கு உடலின் குளிர்ச்சியான பகுதிகள்தான் பிடிக்கும். அதனால் தோலையும், தோலுக்குச் சற்றுக் கீழே ஓடும் நரம்புகளையும் தாக்குகிறது. கழுத்தில் காதை நோக்கி ஏறும் கிரேட் ஆரிகுலர் நரம்பு அவற்றில் ஒன்று.

மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ தலையை ஒரு பக்கமாகத் திருப்பச் சொல்வார். அப்போது கழுத்தின் மறுபக்கத் தசை இறுகும். அதன் குறுக்கே விரல் நுனியை மெதுவாக உருட்டிப் பார்ப்பார். நரம்பு தடித்திருந்தால் கயிறு மாதிரி விரலில் தட்டுப்படும்; சிலருக்குக் கண்ணுக்கே தெரியும். அழுத்தும்போது வலிக்கிறதா என்று நோயாளியின் முகத்தையும் கவனிப்பார். பிறகு மறுபக்கத்தோடு ஒப்பிடுவார். முழங்கை, முழங்கால், கணுக்கால் அருகே உள்ள நரம்புகளையும் இதேபோல் பார்த்து, கை கால்களில் உணர்ச்சியும் தசை வலுவும் எப்படி இருக்கிறது என்று சோதிப்பார்.

எதற்கு இவ்வளவும்? நரம்பு பாதிப்பைச் சீக்கிரமே பிடித்துவிட்டால், விரல் மடங்கிப்போவதையும் காலில் ஆறாத புண் வருவதையும் பெரும்பாலும் தடுக்கலாம். அந்த நரம்பு மட்டும் வைத்து முடிவு கட்டுவதில்லை; உணர்ச்சியற்ற தேமல் இருக்கிறதா என்பதும் முக்கியம்.

இன்றைய நிலை என்ன?

1981-ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்தது. 6 அல்லது 12 மாதம் மாத்திரை சாப்பிட்டால் குணமாகிவிடும். அரசு மருத்துவமனைகளில் இலவசம். மாத்திரையைத் தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குப் பரவும் அபாயம் பெருமளவு போய்விடுகிறது. ஆனால் சட்டம் மெதுவாகத்தான் மாறியது. 1898-ம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் 2016-ல்தான் ரத்தானது. தொழுநோயைக் காட்டி விவாகரத்து கேட்கும் பிரிவு 2019-ல்தான் நீக்கப்பட்டது.

பாப்பாரப்பட்டியில் பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட வேண்டும் என்பது சிவாவின் கனவு. அதற்காக அங்கே நிலம் வாங்கி, பாரதபுரம் என்று பெயரும் வைத்தார். 1923-ல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். கோயில் எழும்புவதற்குள், 1925 ஜூலை 23-ல் சிவா அதே ஊரில் காலமானார். அப்போது அவருக்கு வயது 40தான்.