மகனைத் தேடிப் போன அழகம்மாள்

திருவண்ணாமலைக்கு கிரிவலம் போகிறவர்களில் பலர், ரமணாசிரமத்துக்குள் நுழைந்து பகவானின் சமாதியில் சிறிது நேரம் கண்மூடி அமர்ந்துவிட்டு வருவீர்கள். அதை ஒட்டியே இருக்கிறதே மாத்ருபூதேஸ்வரர் சந்நிதி... அந்த லிங்கம் யாருடைய சமாதியின் மேல் இருக்கிறது தெரியுமா? நம்மைப் போலவே அடுப்படியிலும் பூஜையறையிலுமாக வாழ்ந்த ஒரு தாயின் சமாதி அது. ரமண மகரிஷியைப் பெற்ற அழகம்மாள்!

மானாமதுரைக்கு அருகில் உள்ள பாசலை கிராமத்தில் பிறந்தவர் அழகம்மாள். கணவர் சுந்தரம் ஐயர், திருச்சுழியில் வக்கீல். நாகசுவாமி, வேங்கடராமன், நாகசுந்தரம், அலமேலு என நான்கு குழந்தைகள். 1879-ம் வருடம் டிசம்பர் 30 அன்று, திருவாதிரை நன்னாளில் பிறந்தவன் இரண்டாவது பிள்ளை வேங்கடராமன். வந்தவர்களுக்கு எல்லாம் சோறு போடும் வீடு. எந்தக் குறையும் இல்லை.

1892-ல் சுந்தரம் ஐயர் காலமானார். குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. மூத்த பிள்ளைகள் இருவரும் மதுரையில் சித்தப்பா சுப்பையர் வீட்டுக்குப் போனார்கள். சின்னப் பிள்ளையையும் பெண்ணையும் அழைத்துக்கொண்டு, மானாமதுரையில் இருந்த இன்னொரு மைத்துனர் நெல்லையப்பர் வீட்டில் ஒதுங்கினார் அழகம்மாள்.

நான்கு வருடம்தான் கழிந்தது. 1896 ஆகஸ்ட் 29... அண்ணனின் காலேஜ் சம்பளத்துக்காகக் கொடுத்த பணத்தில் மூன்று ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டான் பதினாறு வயது வேங்கடராமன். எங்கே போகிறேன் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. பிள்ளை ஹாஸ்டலுக்குப் போனாலே நமக்கு நாலு நாள் சாதம் இறங்குவதில்லை. அந்தத் தாயோ, மகன் உயிரோடு இருக்கிறானா என்றுகூடத் தெரியாமல் இரண்டு வருடம் காத்திருந்தார்.

1898-ல்தான் தகவல் கிடைத்தது. முதலில் நெல்லையப்பர் போய்ப் பார்த்து, வெறுங்கையோடு திரும்பினார். அந்த டிசம்பரில் மூத்த மகனை அழைத்துக்கொண்டு, தானே புறப்பட்டார் அழகம்மாள். பவழக்குன்றில், வெறும் பாறையின் மேல் கிடந்தார் இளம் சுவாமி. சடை விழுந்த தலை, அழுக்கேறிய உடம்பு, இடுப்பில் கோவணம். மற்றவர்களுக்கு அடையாளம் தெரிந்திருக்காது. பெற்றவளுக்குத் தெரியாதா?

தினமும் ஏதாவது பட்சணம் எடுத்துக்கொண்டு குன்றேறினார். வீட்டுக்கு வா என்று கெஞ்சினார், அழுதார், கோபித்துக்கொண்டார். மகனோ மௌனத்தில் இருந்தார். இந்தத் தாய்க்கு ஒரு பதிலாவது சொல்லக் கூடாதா என்று பக்கத்தில் இருந்த பச்சையப்பப் பிள்ளை என்ற அன்பர் பென்சிலையும் காகிதத்தையும் நீட்ட, அதில் எழுதிக் காட்டினார். அவரவர் வினைப்படிதான் எல்லாம் நடக்கும், யார் முயன்றாலும் அதை மாற்ற முடியாது, ஆகவே பேசாமல் இருப்பதே நல்லது என்பது அதன் சாரம். ரமணர் பக்தர்கள் இதைப் பெரிய உபதேசமாகக் கொண்டாடுகிறார்கள். உண்மைதான். ஆனால், அந்தக் காகிதத்தைக் கேட்டுவிட்டு மானாமதுரைக்குத் திரும்பிய தாயின் பயணத்தையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்!

இரண்டே வருடத்தில், 1900-ல், மூத்த மகன் நாகசுவாமியும் இறந்துபோனார்.

1914-ல் திருப்பதி யாத்திரை முடித்துத் திரும்பும் வழியில் விரூபாட்ச குகைக்கு வந்தபோது, அழகம்மாளுக்குக் கடும் காய்ச்சல். மகன்தான் அருகிலிருந்து பணிவிடை செய்தார். அதோடு நிற்கவில்லை... பிறவி நோய்க்கே மருந்தாக நிற்கும் மலையே, என் தாயின் காய்ச்சலைத் தணிக்க மாட்டாயா என்ற கருத்தில் அருணாசலரிடம் வேண்டிப் பாடல்கள் எழுதினார். விதியை மாற்ற முடியாது என்று எழுதிய அதே கைதான்! நடப்பதை மாற்றச் சொல்லி இறைவனிடம் அவர் செய்த பிரார்த்தனை இது ஒன்றுதான் என்பார்கள். அம்மா பிழைத்தார்.

திருச்சுழி வீடு கடனில் போயிற்று. இளைய மருமகள், கைக்குழந்தையை விட்டுவிட்டு இறந்தாள். 1916-ல், இனி மகனோடுதான் என்ற முடிவோடு திருவண்ணாமலைக்கே வந்துவிட்டார் அழகம்மாள். ஆனால், குகையில் இருந்த அடியவர்கள் தயங்கினார்கள். ஒரு பெண்ணை அனுமதித்தால் மற்றவர்களும் கேட்பார்களே, உறவு தேடி வந்தால் சுவாமி வேறிடம் போய்விடுவாரோ என்று அவர்களுக்குப் பயம். கண்ணீரோடு அம்மா எழுந்தபோது, ரமணரும் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாராம். இங்கே இல்லாவிட்டால் வேறு எங்காவது போய் இருப்போம், வா என்று அழைத்தாராம். பதறிப்போன அடியவர்கள் இருவரையும் தடுத்து, அங்கேயே தங்கும்படி வேண்டிக்கொண்டார்கள்.

விரைவில் எல்லோரும் ஸ்கந்தாசிரமத்துக்கு இடம் மாறினார்கள். அதுவரை ஊரில் எடுத்த பிட்சையும் அன்பர்கள் கொண்டுவந்து தருவதும்தான் சாப்பாடு. அம்மா வந்த பிறகு மலை மேல் அடுப்பு எரிந்தது. இன்று ரமணாசிரமத்தில் அத்தனை பேர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்களே, அதற்குத் தொடக்கம் இந்த அம்மாள் மூட்டிய அடுப்புதான்.

மகனோடு இருக்கலாம் என்று வந்தவருக்கு, அம்மா என்ற தனிச் சலுகை மட்டும் கிடைக்கவில்லை. மற்றவர்கள் பேசினால் பதில் சொல்வார். அம்மா பேசினால் சில சமயம் பேசாமல் இருந்துவிடுவார். வருத்தப்பட்டுக் கேட்டால், எல்லாப் பெண்களும் எனக்கு அம்மாதான் என்பார். மடி, ஆசாரம் பார்ப்பதை விடாமல் கேலி செய்வார். வெங்காயம் வந்திருக்கிறது, முருங்கைக்காய் வந்திருக்கிறது, மோட்சத்துக்கு எத்தனை பெரிய தடை, ஜாக்கிரதை என்று சிரிப்பார். ஒருமுறை அப்பளம் இடக் கூப்பிட்டபோது, அம்மா மாவைப் பிசைந்து முடிப்பதற்குள், ஞானத்தையே அப்பளமாக இட்டுப் பொரித்துக் காட்டும் 'அப்பளப் பாட்டு' தயாராகிவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக என் மகன் என்ற பிடி தளர்ந்தது. அழகம்மாள் காவி உடுத்தார். பின்னாலேயே வந்த இளைய மகன் நாகசுந்தரமும் துறவு பூண்டு, நிரஞ்சனானந்தர் ஆனார்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். என் உடலைப் பிறகு எங்கே வேண்டுமானாலும் வீசிவிடு, உயிர் மட்டும் உன் கையில் போகட்டும் என்று.

1922 மே 19, வெள்ளிக்கிழமை. காலையிலிருந்தே மூச்சு இழுத்தது. ரமணர் அருகில் அமர்ந்து, வலக்கையை அம்மாவின் மார்பிலும் இடக்கையைத் தலையிலும் வைத்துக்கொண்டார். ஒரு பக்கம் வேதம், இன்னொரு பக்கம் ராம நாமம் ஒலித்தன. பகல் முழுவதும் அந்தக் கைகள் எடுக்கப்படவில்லை. இரவு எட்டு மணிக்கு உயிர் அடங்கியது. அதன் பின்னும் சற்று நேரம் கழித்தே ரமணர் எழுந்தார். தீட்டு எதுவும் கிடையாது, எல்லோரும் சாப்பிடலாம் என்று இலை போடச் சொன்னார்.

ஞானியரின் உடலைப் போலவே, மறுநாள் மலையடிவாரத்தில் பாலி தீர்த்தத்தின் அருகில் அம்மாவை சமாதி வைத்து, மேலே லிங்கம் பிரதிஷ்டை செய்தார்கள்.

ஸ்கந்தாசிரமத்திலிருந்து அடிக்கடி அந்தச் சமாதிக்கு இறங்கி வந்துகொண்டிருந்த ரமணர், அந்த வருடம் டிசம்பரில் ஒரு நாள் வந்தவர், பிறகு மலையில் குடியிருக்கத் திரும்பவில்லை. வீட்டுக்கு வா என்று பவழக்குன்றில் அம்மா அழைத்து அப்போது இருபத்து நான்கு வருடம் ஆகியிருந்தது. சமாதியைச் சுற்றித்தான் ஆசிரமம் வளர்ந்தது. 1939-ல் கோயில் திருப்பணி தொடங்கியது. முன்னின்று நடத்தியவர் இளைய மகன் நிரஞ்சனானந்தர். 1949 மார்ச் 17 அன்று, பகவான் முன்னிலையில் கும்பாபிஷேகம் நடந்தது.

கருவறையில், மகரிஷி தம் கையால் தொட்டுக் கொடுத்த ஸ்ரீசக்ர மேருவும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை, பௌர்ணமி, தமிழ் மாதப் பிறப்பு ஆகிய நாட்களில் ஸ்ரீசக்ர பூஜை. வைகாசி மாதத் தேய்பிறை நவமியன்று, அம்மாவுக்கு மகாபூஜை.