தொழிலாளர் தோழர் சிங்காரவேலர்

சென்னை எழும்பூரிலிருந்து திண்டிவனம், விழுப்புரம் வழியாகத் தெற்கே செல்லும் இருப்புப்பாதை, ஆங்கிலேயர் ஆட்சியில் தென்னிந்திய இரயில்வே நிறுவனத்திற்கு உரியதாக இருந்தது. புதுச்சேரிக்கும் காட்பாடிக்கும் பாதைகள் பிரியும் விழுப்புரம், அதன் முதன்மையான சந்திப்புகளுள் ஒன்று. அக்காலத்தில் அங்கிருந்து ஒரு வண்டி புறப்பட வேண்டுமெனில் ஓட்டுநர், கரி அள்ளுவோர், கைகாட்டி இயக்குவோர், பாதை காப்போர், பட்டறைத் தொழிலாளர் ஆகிய அனைவரின் உழைப்பும் ஒன்றுசேர வேண்டியிருந்தது. உழைப்பில் இணைந்த இவர்களை உரிமைப் போராட்டத்திலும் இணைக்கப் பாடுபட்டவர்களுள் ஒருவர் ம. சிங்காரவேலர்.

சென்னையில் மீனவர் குடும்பமொன்றில் 1860 பிப்ரவரி 18இல் சிங்காரவேலர் பிறந்தார். வழக்கறிஞராகத் திகழ்ந்த அவர், 1921இல் ஒத்துழையாமை இயக்கத்தை ஏற்று அத்தொழிலைத் துறந்தார். 1923இல் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே நாள் விழாவை நடத்தினார்.

தொழிற்சங்கங்கள் இருவகையாக அமைவதுண்டு. ஒரே கைத்திறன் உடையோர் மட்டும் கூடுவது ஒருவகை. ஒரு துறையில் பணிபுரிவோர் அனைவரும், திறன் வேறுபாடின்றிக் கூடுவது மற்றொரு வகை. முன்னதில், தேர்ந்த தொழிலாளர் தம் திறனைக் காட்டி ஊதியம் கேட்க இயலும். ஆனால், எளிய கூலியாள் வெளியே நின்றுவிடுவார். இங்கிலாந்தில் 1913இல் மூன்று இரயில்வே சங்கங்கள் ஒன்றாக இணைந்தபோதும் ஓட்டுநர் சங்கம் தனித்தே நின்றது.

அதே சிக்கல் 1928இல் இங்கும் எழுந்தது. நாகப்பட்டினம் முதலிய இடங்களில் இருந்த பட்டறைகளைத் திருச்சி பொன்மலைக்கு மாற்றவும், திறன் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கானோரைப் பணிநீக்கவும் நிறுவனம் முனைந்தது. இடர் பட்டறைத் தொழிலாளருக்கு நேர்ந்தது. வண்டி ஓட்டுவோருக்கோ பாதை காப்போருக்கோ அன்று. எனினும், ஜூலைத் திங்களில் பாதைத் தொழிலாளரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அறுபத்தெட்டு வயதுச் சிங்காரவேலர் முகுந்தலால் சர்க்காருடன் இணைந்து அதற்குத் தலைமை தாங்கினார்.

அரசு கடும் அடக்குமுறையை ஏவியது. தலைவர்கள் கைதாயினர், ஏறத்தாழப் பத்து நாள்களில் போராட்டம் முடிவுற்றது. பலர் வேலை இழந்தனர். சிங்காரவேலருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது பதினெட்டுத் திங்களாகக் குறைந்தது. 1930இல் விடுதலையான அவர், முதுமையிலும் எழுத்துப்பணியைக் கைவிடாது 1946 பிப்ரவரி 11இல் மறைந்தார்.

அப்போராட்டம் வெற்றி பெறவில்லை. ஆயினும், பட்டறையில் வேலை இழக்கவிருந்தவருக்காகப் பாதையில் வேலை இருந்தவரும் தம் பிழைப்பைப் பணயம் வைத்தனர். அந்த ஒற்றுமையே சிங்காரவேலர் விட்டுச்சென்ற செல்வமாகும்.