கரமனை ஆறும் நாஞ்சில் வயலும்

பிறந்த நாடு ஒன்று. மனம் நாடும் நாடு மற்றொன்று. இரண்டும் ஒன்றாக அமையப் பெற்றவர் நற்பேறு உடையவர். அமையாதவர் என் செய்வது? நம் மன்றத்து நண்பர்கள் மாலையில் கூடும்போது இப்பேச்சு எழாத நாள் இல்லை. ஒருவருக்கு ஜெர்மனி, ஒருவருக்குக் கனடா, ஒருவருக்குச் சிங்கப்பூர். படிப்பு, ஊதியம் என்பன நாம் வெளியே சொல்லும் காரணங்கள். உள்ளே கிடப்பது வேறு. சொந்த ஊர் எது என்று நம்மை யாரும் வினவாத ஓர் இடம் வேண்டும் என்னும் ஏக்கமே அது. எனக்கும் அவ்வேக்கம் உண்டு. அவ்வேக்கத்தோடுதான் நான் செண்பகராமன் பிள்ளையின் வாழ்க்கையைப் படிக்கத் தொடங்கினேன்.

அவர் 1891ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் திருவனந்தபுரத்தில் பிறந்தார். தந்தையார் சின்னசாமிப் பிள்ளை, திருவிதாங்கூர் அரசின் காவல் துறையில் பணியாற்றியவர். தாயார் நாகம்மாள். குடும்பத்தின் வேர் நாஞ்சில் நாட்டில் இருந்தது. அந்நாளில் திருவனந்தபுரத்தில் தமிழன் அயலான் அல்லன். இந்நகரின் மகாராசா கல்லூரியில் தத்துவம் கற்பித்த சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் அச்சேறியதும் அதே 1891ஆம் ஆண்டில்தான். கரமனை ஆறும் நாஞ்சில் நாட்டு நெல்வயலும் ஒரே அரசின் கீழ் இருந்தன. இடையே எல்லைக்கல் எதுவும் இல்லை. இதை நண்பர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன். பின்னர் இது நமக்குத் தேவைப்படும்.

பள்ளி மாணவராக இருந்தபோதே செண்பகராமனுக்கு அன்னியர் ஆட்சி நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அக்காலத்தில் வால்டர் ஸ்ட்ரிக்லண்டு என்னும் ஆங்கிலேயர் செடிகொடிகளையும் பூச்சிகளையும் ஆராயத் திருவனந்தபுரம் வந்திருந்தார். அவருடைய நட்பு வாய்த்தது. 1908ஆம் ஆண்டில் அவருடன் கப்பலேறினார். உடன் புறப்பட்ட உறவினர் பத்மநாப பிள்ளை கொழும்பிலேயே மனம் மாறித் திரும்பிவிட்டார். செண்பகராமன் திரும்பவில்லை. அப்போது அவருக்கு ஏறத்தாழ 17 வயது. நம்மில் பலர் கல்லூரியில் காலடி வைத்த வயது அது.

அந்த ஸ்ட்ரிக்லண்டின் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். அவர் யார்க்சயரின் பழங்குடிப் பிரபு மரபினர். செல்வமும் பட்டமும் உடையவர். ஆனால் இங்கிலாந்து அவருக்கு வீடாகத் தோன்றவில்லை. செக் மொழியைக் கற்று அம்மொழி இலக்கியங்களை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1923இல் ஆங்கிலக் குடியுரிமையைத் துறந்து செக்கோஸ்லோவாக்கியக் குடிமகன் ஆனார். மனத்துக்கு இசைந்த நாட்டைத் தாமே தேர்ந்துகொண்டவர் அவர். ஆயினும் 1938இல் அவர் உயிர் நீத்தது பிறந்த இங்கிலாந்திலும் அன்று. தேர்ந்த செக் நாட்டிலும் அன்று. எங்கோ சாவகத் தீவில்! விரும்பிய நாட்டின் குடியுரிமை கிடைத்துவிட்டால் மனம் அமைந்துவிடும் என்று எண்ணுவோர் அவரைச் சற்று நினைத்துப் பார்த்தல் நன்று.

ஐரோப்பாவில் பயின்ற செண்பகராமன் 1910இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். அறிவியல் பயிலும் நமக்கு அக்கழகம் புதிய பெயர் அன்று. ஐன்ஸ்டீன் கற்ற இடம் அது. 1912 முதல் 1914 வரை அவரே பேராசிரியராக இருந்த இடமும் அது. அத்தகைய சூழலில் ஓர் இளைஞன் அமைதியாகப் பட்டம் பெற்று, நல்ல வேலையில் அமர்ந்து, ஏரிக்கரையில் வீடு கட்டியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் செய்ததோ வேறு. 1914இல் அந்நகரிலேயே இந்திய ஆதரவுக் குழு ஒன்றை நிறுவி, இதழும் நடத்தினார். போர் மூண்டதும் அக்டோபரில் பெர்லினுக்குச் சென்று, வீரேந்திரநாத் சட்டோபாத்யாயா முதலியோர் அமைத்த இந்தியக் குழுவுடன் இணைந்தார்.

இங்கே ஒரு செய்தியைத் தெளிவாக்க வேண்டும். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் குண்டு வீசிய எம்டன் கப்பலில் செண்பகராமனும் இருந்தார் என்று தமிழகத்தில் பலர் சொல்வர். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் எம்டன் புறப்பட்டதோ சீனக் கடற்கரைச் சிங்தாவிலிருந்து. செண்பகராமன் அப்போது இருந்ததோ ஐரோப்பாவில். இரண்டும் எப்படிப் பொருந்தும்? அவர் பெருமைக்கு இக்கதை தேவையும் இல்லை. ஆனால் இக்கதை ஏன் பிறந்தது என்று எண்ணிப் பாருங்கள். அவர் ஒரு முறையேனும் தாய்நாட்டுக் கரையை எட்டிப் பார்த்திருக்க வேண்டும் என்று நம் மக்கள் ஆசைப்பட்டார்கள். அந்த ஆசையே கதையாயிற்று என்று நான் கருதுகிறேன்.

1915 டிசம்பர் 1இல் காபூல் நகரில் ராஜா மகேந்திர பிரதாப் தலைவராகவும் பரக்கத்துல்லா பிரதமராகவும் கொண்ட தற்காலிக இந்திய அரசு ஒன்று அறிவிக்கப்பட்டது. அதன் அயல்நாட்டு அமைச்சராகச் செண்பகராமனைக் குறிப்பர். என்ன விந்தை! எந்த நாட்டுக்கு அமைச்சரோ அந்த நாட்டு மண்ணில் அவர் கால் வைக்க இயலாது. வைத்தால் சிறை, அல்லது தூக்குமரம். போர் முடிந்தது, ஜெர்மனி தோற்றது. துணை நின்ற பேரரசு சரிந்த பின்னும் அவர் பெர்லினிலேயே தங்கித் தொழிற்சாலையில் பணி செய்து வாழ்ந்தார். 1931இல் மணிப்பூரைச் சேர்ந்த லட்சுமி பாயை மணந்தார். அதே ஆண்டில் இந்தியரை இழித்து ஹிட்லர் கூறிய சொற்களைக் கண்டித்து மன்னிப்புக் கேட்கும்படி வற்புறுத்தினார் என்பர். அடைக்கலம் தந்த நாட்டிலும் அடங்கிக் கிடக்க அறியாதவர் அவர். 1934 மே மாதம் பெர்லினில் அவர் உயிர் பிரிந்தது. அகவை 42. அயல்நாட்டில் கழித்தவை 26 ஆண்டுகள்.

அவர் மனைவியிடம் விட்டுச்சென்ற விருப்பம் இது: தம் சாம்பலில் ஒரு பகுதியைக் கரமனை ஆற்றில் கரைக்க வேண்டும், எஞ்சியதை நாஞ்சில் நாட்டு வயல்களில் தூவ வேண்டும். விடுதலை பெற்ற இந்தியாவின் போர்க்கப்பலில் தாயகம் திரும்ப வேண்டும் என்பதும் அவர் கனவாக இருந்தது.

நான் பொன்முடி மலையில் வளர்ந்தவன். திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். 22 கொண்டையூசி வளைவுகள் ஏறினால் மஞ்சு சூழ்ந்த தேயிலைத் தோட்டம். என் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆரியங்காவுக் கணவாய் வழியே பிழைக்க வந்தவர். அம்மலை லயத்தில் ஒரு கிழவர் மாலைதோறும் கிழக்கு நோக்கி நின்று தம் ஊர்த் தேரையும் குளத்தையும் பற்றிப் பேசுவார். அவர் பேரனோ அதே இடத்தில் நின்று மேற்கே கடலைப் பார்த்துத் துபாயைப் பற்றிப் பேசுவான். விடுமுறைக்குத் திருநெல்வேலி சென்றால் உறவினர்க்கு நான் மலையாளத்துப் பிள்ளை. இங்கோ பாண்டிக்காரன். இரு பக்கமும் அன்போடு சொல்வதுண்டு, அன்பின்றியும் சொல்வதுண்டு. எப்படிச் சொன்னாலும் இரவில் உறக்கம் வரச் சற்று நேரமாகும். தேயிலையும் அம்மலைக்கு வந்தேறிய செடிதான். அதை யாரும் ஊர் கேட்பதில்லை! கேட்பது மனிதனை மட்டுமே.

இந்த நிலையில் உள்ளவனுக்குச் செண்பகராமனின் கடைசி விருப்பம் வெறும் செய்தி ஆகுமா? அவர் ஒரே ஊரைக் கேட்கவில்லை. பிறந்த நகரின் ஆற்றையும் கேட்டார். முன்னோர் உழுத வயலையும் கேட்டார். இரண்டும் தம் வீடே என்பதில் அவருக்கு ஐயம் இல்லை.

லட்சுமி பாய் அச்சாம்பலைப் பம்பாய்க்குக் கொண்டுவந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார். இவ்வரலாற்றில் மிகக் கடினமான பணி அதுவே என்பேன். வீரரின் பெயரை நாடு அறியும். காத்தவரின் பெயரை எத்தனை பேர் அறிவர்? 1966 செப்டம்பரில், அவர் கண்ட கனவுப்படியே, ஐ.என்.எஸ். டெல்லி என்னும் போர்க்கப்பல் சாம்பலைச் சுமந்து கொச்சி வந்தது. அக்கப்பல் முன்பு அகிலீஸ் என்னும் பெயருடன் ஆங்கிலேயர் பக்கம் நின்று போரிட்டது. 1948இல் இந்தியாவிடம் வந்தது. யாரை எதிர்த்து வாழ்ந்தாரோ அவர்களுடைய பழைய கப்பலே கொடி மாற்றிக்கொண்டு அவரை வீடு சேர்த்தது!

ஆனால் அவர் விட்டுச்சென்ற வீடு அப்படியே இருக்கவில்லை. 1956 நவம்பர் 1இல் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தன. கரமனை கேரளத்தில் நின்றது. நாஞ்சில் நாடு அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஒரு மனிதரின் சாம்பல் இரு மாநிலங்களுக்கு உரியதாயிற்று. இந்த எல்லையைத் தவறென்று நான் சொல்லவில்லை. அதற்காகப் போராடியோர்க்குத் தக்க காரணம் இருந்தது. ஆட்சிக்கு எல்லை வேண்டும். அன்புக்கும் அதே எல்லை வேண்டுமா என்பதே என் வினா.

நண்பர்களே, அயல்நாடு செல்வோர் செல்க. அறிவு எங்கிருப்பினும் தேடிச் செல்வது இளைஞர் கடன். நானும் ஆய்வுப் படிப்புக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் நம்மை ஊர் கேட்காத நாடு ஒன்று எங்கோ ஆயத்தமாகக் காத்திருக்கிறது என்ற எண்ணத்தோடு இனி என்னால் கப்பலேற முடியாது. எந்த மண்ணுக்காக நாம் உறக்கம் இழக்கிறோமோ அதுவே நம் நாடு என்று இவர் வாழ்க்கை எனக்குச் சொல்கிறது. அது ஒன்றாகவும் இருக்கலாம், இரண்டாகவும் இருக்கலாம். இரண்டாக இருப்பதில் வெட்கம் இல்லை. சென்னை காந்தி மண்டபத்தில் அவருக்குச் சிலை உண்டு. திருவனந்தபுரத்தில் பயிலும் நமக்கோ கரமனை ஆறே அருகில் இருக்கிறது. பேருந்தில் பாலத்தைக் கடக்கும்போது ஒரு நொடி அந்நீரைப் பாருங்கள். நம்மைப் போல் இரு ஊர்க்காரர் ஒருவர் அதில் கலந்திருக்கிறார்.