எதிரணி கேப்டனுக்கு ரத்தம் கொடுத்த ஃப்ராங்க் வொரெல்... இவரைத் தெரியுமா உங்களுக்கு?

உங்க ஃபேவரைட் பிளேயர் பான் மசாலா விளம்பரத்துல வந்து சிரிக்கிறார். உடனே கமென்ட் பாக்ஸ் ரெண்டாகப் பிரியுது. இவரைப் பார்த்து வளர்ற பசங்க என்ன ஆவாங்கன்னு ஒரு கோஷ்டி பொங்குது. அவர் அடிக்கிற ரன்னை மட்டும் பாருங்கப்பா, மத்ததெல்லாம் அவரோட சொந்த விஷயம்னு இன்னொரு கோஷ்டி மல்லுக்கட்டுது. நீங்க எந்தக் கோஷ்டியா வேணா இருங்க. 1967-ல் இறந்துபோன ஒரு வெஸ்ட் இண்டீஸ் கேப்டனைப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டு அப்புறமா கமென்ட் போடுங்க.

1962 மார்ச் 17. பார்படாஸ் தீவின் பிரிட்ஜ்டவுன் நகரம். டெஸ்ட் தொடருக்கு நடுவே இந்திய அணி பார்படாஸ் அணியோடு ஆடிக்கொண்டிருந்தது. பேட்ஸ்மேன்கள் ஹெல்மெட் போடாத காலம். வேகப்பந்து வீச்சாளர் சார்லி கிரிஃபித் போட்ட பந்து, இந்திய கேப்டன் நாரி கான்ட்ராக்டரின் தலையில் காதுக்குப் பக்கத்தில் மோதியது. மண்டை ஓட்டில் எலும்பு முறிவு. அவசர ஆபரேஷன் செய்தாக வேண்டும், அதற்கு ரத்தம் வேண்டும்.

சக வீரர்கள் சந்து போர்டே, பாலி உம்ரிகர், பாபு நட்கர்னி ரத்தம் கொடுத்தார்கள். அவர்களோடு கையை நீட்டிய இன்னொருவர்தான் ஃப்ராங்க் வொரெல். எந்தத் தொடரில் இந்தியாவைப் புரட்டி எடுத்துக்கொண்டிருந்தாரோ, அதே தொடரின் எதிரணி கேப்டன்! அந்தத் தொடரை 5-0 என்று அவர் அணி ஜெயித்தது. களத்தில் துளிகூட இரக்கம் காட்டவில்லை என்பதையும் சேர்த்தே ஞாபகம் வெச்சுக்கங்க. கான்ட்ராக்டர் பிழைத்தார். ஆனால், அதற்குப் பிறகு அவரால் டெஸ்ட் ஆடவே முடியவில்லை. 21 வயது பட்டோடி கேப்டன் ஆனது அப்போதுதான்.

யார் இந்த வொரெல்? 1924-ல் பார்படாஸில் பிறந்தவர். எவர்டன் வீக்ஸ், க்ளைட் வால்காட், இவர் என மூன்று 'டபிள்யூ'க்கள் சேர்ந்து உலகின் பௌலர்களைத் தூங்கவிடாமல் செய்தார்கள். 51 டெஸ்ட், 3,860 ரன், 9 சதம், 69 விக்கெட். இதில் ஒரு வேடிக்கை, பேட்டிங் இறங்குவதற்கு முன்னால் பெவிலியனில் குறட்டை விட்டுத் தூங்குகிற ஆள் இவர். டென்ஷன்னா என்னன்னே தெரியாத ஜென்மம்!

ஆனால், எல்லோருக்கும் பிடித்த நல்ல பிள்ளையாக அவர் வளரவில்லை. திமிர் பிடித்தவன் என்று சொந்த ஊரிலேயே பேர். அந்த ஊர் ஒத்துவராமல் ஜமைக்காவுக்குக் குடிபோனார். 1948-49-ல் வெஸ்ட் இண்டீஸ் அணி முதல்முறையாக இந்தியாவுக்கு வந்தபோது அதில் அவர் இல்லை. ஆடுவதற்குச் சம்பளம் கேட்டார், போர்டு மறுத்துவிட்டது, அவ்வளவுதான். நாட்டுக்காக ஆடக் காசு கேட்கிறான் பார் என்ற ஏச்சு அன்றைக்கும் உண்டு. வசதியான வீட்டுப் பையன்கள் சும்மா ஆடிவிட்டுப் போகலாம், மற்றவர்கள் என்ன செய்வார்கள்? என்னைக் கேட்டால், அவர் கேட்டது நியாயம்தான். அடுத்த வருஷமே காமன்வெல்த் அணியோடு இந்தியாவுக்கு வந்து ரன்களைக் குவித்துவிட்டுப் போனார்.

அப்புறம் இன்னொரு முடிவு. முப்பது வயதைத் தாண்டிய பிறகு மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படித்தார். அதற்காக டெஸ்ட் தொடர்களையே விட்டுக்கொடுத்தார். ஒரு ஸ்டார் பேட்ஸ்மேன் ஃபார்மில் இருக்கும்போது பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று லீவு போட்டால், இன்றைக்கு மீம்ஸ் பறக்கும்!

1959-ல் நடந்தது கொஞ்சம் சிக்கலான கதை. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி. அங்கே இருந்த வெள்ளையரல்லாத வீரர்களின் கிரிக்கெட் சங்கம் வொரெலின் தலைமையில் ஓர் அணியைக் கூப்பிட்டது. அவர் போகத் தயாரானார். ஒடுக்கப்பட்ட மக்களோடு ஆடுவது அவர்களுக்குப் பலம் என்றார் எழுத்தாளர் சி.எல்.ஆர்.ஜேம்ஸ். கறுப்பர்களைத் தனியாக ஒதுக்கிவைத்த ஏற்பாட்டுக்கு உள்ளேயே போய் ஆடினால் அந்த ஏற்பாட்டை ஒத்துக்கொண்டது போல ஆகிவிடும் என்று எதிர்த்தார் பழைய ஜாம்பவான் லியரி கான்ஸ்டன்டைன். ரெண்டு பேருமே நிறவெறிக்கு எதிரானவர்கள், வொரெலும்தான். எதிர்ப்பு வலுத்து கடைசியில் பயணம் ரத்தானது. ரோல்மாடல்னா எப்பவும் சரியான பக்கத்துல நிக்கறவர்னு நினைக்கிறோம் இல்லையா? எது சரியான பக்கம் என்று அன்றைக்கு அவருக்கு யாரும் போர்டு மாட்டி வைக்கவில்லை.

அதுவரைக்கும் வெஸ்ட் இண்டீஸ் அணிக்கு வெள்ளையர்தான் கேப்டன். 1948-ல் ஒரே ஒரு டெஸ்ட்டுக்கு ஜார்ஜ் ஹெட்லி தலைமை தாங்கியது மட்டும்தான் விதிவிலக்கு. கறுப்பர்கள் பந்து போடலாம், ரன் அடிக்கலாம், ஆனால் தலைமை தாங்கத் தெரியாது என்பதே அன்றைய நினைப்பு. ஜேம்ஸ் பத்திரிகையில் எழுதி எழுதிப் போராடினார். 1960-61 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு 36 வயது வொரெல் கேப்டன் ஆனார். ஒரு முழுத் தொடருக்குத் தலைமை தாங்கிய முதல் கறுப்பர்.

ஜமைக்காக்காரன், பார்படாஸ்காரன், ட்ரினிடாட்காரன் என்று தீவு தீவாகப் பிரிந்து கிடந்தவர்களை ஒரே அணியாக உட்கார வைத்ததுதான் அவர் செய்த பெரிய வேலை. பிரிஸ்பேனில் நடந்த முதல் டெஸ்ட், கிரிக்கெட் வரலாற்றிலேயே முதல்முறையாக 'டை' ஆனது. தொடரை 2-1 என்று தோற்றார்கள். ஆனால், கிளம்பும்போது மெல்போர்ன் தெருக்களில் லட்சக்கணக்கானவர்கள் திரண்டு வழியனுப்பினார்கள். வெள்ளையரல்லாதவர்கள் குடியேறுவதைச் சட்டம் போட்டுத் தடுத்து வைத்திருந்த நாடு அது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

1963-ல் ஓய்வு, அடுத்த வருஷம் சர் பட்டம், ஜமைக்கா செனட்டில் இடம், பல்கலைக்கழக வேலை. தனக்குப் பிறகு சோபர்ஸ்தான் கேப்டன் என்று கைகாட்டிவிட்டு ஒதுங்கினார். 1966-67-ல் வெஸ்ட் இண்டீஸ் அணியோடு இந்தியா வந்திருந்தபோது உடம்பு சரியில்லாமல் போனது. ரத்தப் புற்றுநோய். ஊர் திரும்பிக் கொஞ்ச நாளில், 1967 மார்ச் 13-ல் இறந்தார். வயது 42. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் ஒரு விளையாட்டு வீரருக்கு நினைவு வழிபாடு நடந்தது அதுதான் முதல்முறை.

அவருடைய 9 சதங்களில் ஒன்றையாவது நீங்கள் பார்த்திருப்பீர்களா? நானும் பார்த்ததில்லை. ஆனால், 1981-லிருந்து பெங்கால் கிரிக்கெட் சங்கம் வருஷா வருஷம் பிப்ரவரி 3-ம் தேதியை ஃப்ராங்க் வொரெல் தினமாகக் கொண்டாடுகிறது. அன்றைக்குக் கொல்கத்தாவில் ரத்த தான முகாம். அவர் ஆடியதைப் பார்த்தே இராத பிள்ளைகள் வந்து வரிசையில் நின்று கையை நீட்டுகிறார்கள்.

கான்ட்ராக்டருக்கு நம்ம வேலூரில்தான் தலையில் உலோகத் தகடு பொருத்தினார்கள். அந்தத் தகட்டோடு கிட்டத்தட்ட 60 வருஷம் வாழ்ந்தார். 2022-ல் மும்பையில் ஆபரேஷன் செய்து அதை எடுத்தபோது அவருக்கு வயது 88.