ஜெயித்தவருக்குக் கோப்பை இல்லை: யார் இந்த வெண்டல் ஸ்காட்?

1963 டிசம்பர் 1, அமெரிக்காவின் ஜாக்சன்வில். நாஸ்கார் கார் பந்தயத்தின் 1964 சீசன் அப்போதே தொடங்கிவிட்டது. இரண்டு சுற்று முந்தி முடித்தவர், கறுப்பினத்தவரான வெண்டல் ஸ்காட். ஆனா கோப்பை போனது வெள்ளையரான பக் பேக்கருக்கு! கூட்டம் கலைந்த பிறகே ஸ்காட்தான் வின்னர் என ஒப்புக்கொண்டார்கள். எண்ணிக்கைப் பிழையாம். நிறவெறிதான் காரணம் என்றே ஸ்காட் நம்பினார்.

வர்ஜீனியாவில் 1921-ல் பிறந்தவர். டாக்ஸி ஓட்டினார், கள்ளச்சாராயமும் கடத்தினார் (அந்தக் கால ரேஸர்கள் பலருக்கு அதுதான் டிரைவிங் ஸ்கூல்). பெரிய ஸ்பான்சர் கிடையாது. பழைய காரை வாங்கி, மகன்களோடு சேர்ந்து தானே ரிப்பேர் பார்ப்பார். அப்படியே அந்த சீசனில் 12-வது இடம் பிடித்தார். சாம்பியன் ரிச்சர்ட் பெட்டி.

495 போட்டிகளில் ஸ்காட்டின் ஒரே வெற்றி அது. 1990-ல் இறந்தார். ஜாக்சன்வில் கோப்பை குடும்பத்திடம் வந்தது 2021-ல்.