வளராத சிறுவனுக்குக் குரல் கொடுத்தவர்

பீட்டர் பேன் என்ற கார்ட்டூன் படத்தில் ஒரு சிறுவன் வருவான். அவனுக்கு வயது ஏறுவதே இல்லை. இறக்கை இல்லாமலே வானத்தில் பறப்பான். கடற்கொள்ளைக்காரர்களுடன் கத்திச் சண்டை போடுவான். 1953-ல் வெளிவந்த அந்தப் படத்தை உலகம் முழுவதும் குழந்தைகள் கண்டு களித்தார்கள்.

அந்தச் சிறுவனுக்குக் குரல் கொடுத்தவர் பாபி டிரிஸ்கால். குரலுக்கு இன்றும் வயதாகவில்லை. குரலுக்குச் சொந்தக்காரரோ 31 வயதில், பெயர் தெரியாத பிணமாக நியூயார்க்கில் புதைக்கப்பட்டார்.

முடிதிருத்தும் கடையில் வந்த யோகம்

பாபி 1937 மார்ச் 3-ந் தேதி அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், சீடார் ராப்பிட்ஸ் நகரில் பிறந்தார். தாயார் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். தந்தை, கட்டிடங்களில் வெப்பமும் குளிரும் புகாமல் தடுக்கும் சரக்குகளை விற்று வந்தார். அஸ்பெஸ்டாசைக் கையாண்டு கையாண்டு அவருக்கு நுரையீரல் கெட்டது. கலிபோர்னியாவின் தட்பவெப்பம் நல்லது என்று டாக்டர் சொல்ல, 1943-ல் குடும்பம் லாஸ் ஏஞ்சல்சுக்குக் குடிபெயர்ந்தது.

அங்கே முடி வெட்டிக்கொள்ளப் போன இடத்தில் பையனின் துறுதுறுப்பைப் பார்த்த கடைக்காரர், இவனைச் சினிமாவில் சேர்க்கலாமே என்று யோசனை சொன்னார். ஸ்டூடியோவுக்குப் போன பாபி, அங்கு நின்ற செட் கப்பலைப் பார்த்துவிட்டு, தண்ணீர் எங்கே என்று கேட்டானாம். அந்தச் சூட்டிகை பிடித்துப்போய், அந்த ஆண்டே ஒரு படத்தில் சின்ன வேடம் கொடுத்தார்கள். அப்போது அவனுக்கு 6 வயது.

ஆஸ்கார் பரிசு

வால்ட் டிஸ்னியின் கண்ணில் பட்ட பிறகு பாபிக்கு ஏறுமுகம்தான். பாபியும் லுவானா பேட்டன் என்ற சிறுமியும்தான் டிஸ்னி கம்பெனி ஒப்பந்தம் செய்துகொண்ட முதல் நடிகர்கள். 1946-ல் வெளியான சாங் ஆப் தி சவுத் படத்தில் இருவரும் சேர்ந்து நடித்தார்கள்.

1949-ல் தி விண்டோ என்ற படம் வந்தது. மேல்மாடி வீட்டில் நடந்த கொலையைப் பார்த்துவிட்ட சிறுவன் அதை எடுத்துச் சொல்கிறான். எப்போதும் கதை கட்டுகிற பையன் என்று யாரும் அவனை நம்புவதில்லை. அந்தச் சிறுவனாக பாபி நடித்தார். 1950-ல் இளம் நடிகர்களுக்கான ஆஸ்கார் சிறப்புப் பரிசு அவருக்குக் கிடைத்தது. அப்போது வயது 13.

அதே ஆண்டு வெளிவந்த டிரஷர் ஐலண்ட் படத்தை இங்கிலாந்தில் எடுத்தார்கள். வேலை செய்ய பெர்மிட் இல்லாமல் பையனை நடிக்க வைத்ததாக வழக்கு வந்து அபராதம் விதிக்கப்பட்டது. நாட்டை விட்டு வெளியேறச் சொல்லி உத்தரவு வருவதற்குள் பாபி வரும் காட்சிகளை அவசர அவசரமாக முடித்தார்கள்.

குரல் முதலில், படம் பிறகு

நம் ஊர் டப்பிங்கில் படத்தை ஓடவிட்டு, வாயசைவுக்கு ஏற்றபடி பேசுவார்கள். டிஸ்னியின் கார்ட்டூனில் நேர் எதிர். முதலில் குரலைப் பதிவு செய்வார்கள். அதைக் கேட்டுக்கேட்டு ஓவியர்கள் வாயையும் முகத்தையும் வரைவார்கள். ஆகவே குரல் கொடுப்பவர்தான் பாத்திரத்துக்கு உயிர் கொடுக்கிறார்.

பீட்டர் பேன் வேடத்தை மேடையில் பெண்கள் ஏற்பதே வழக்கம். டிஸ்னி ஒரு பையனின் குரலைத் தேர்ந்தெடுத்தார். கூஃபி கார்ட்டூன்களில் மகனுக்குக் குரல் கொடுத்த அனுபவம் பாபிக்கு இருந்தது. பீட்டர் பேனில் அவர் பேசியதோடு நிற்கவில்லை. காமிராவின் முன் நடித்தும் காட்டினார். அந்த முகபாவங்களைப் பார்த்து ஓவியர்கள் வரைந்தார்கள். திரையில் தெரிவது பாதி பாபியின் முகமே.

கதவு மூடியது

படம் வந்தபோது அவருக்கு 16 வயது ஆக ஒரு மாதமே இருந்தது. முகமெல்லாம் பருக்கள். சிறுவன் வேடமும் பொருந்தாது, வாலிபன் வேடமும் பொருந்தாது என்ற நிலை. அந்த ஆண்டே டிஸ்னி கம்பெனி ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது.

சினிமாப் பிள்ளைகள் படித்த பள்ளியிலிருந்து பெற்றோர் அவரைச் சாதாரணப் பள்ளிக்கு மாற்றினார்கள். அங்கே மாணவர்கள் நட்சத்திரம் என்று கேலி செய்தார்கள். மார்க் குறைந்தது. அந்த நாட்களில்தான் போதை மருந்துப் பழக்கம் தொற்றியது. 1956-ல் முதல் கைது. கல்யாணம் நடந்தது, மூன்று குழந்தைகள் பிறந்தன, அந்த வாழ்வும் முறிந்தது. 1958-க்குப் பிறகு ஹாலிவுட்டில் அவருக்குப் பெரிய படம் அமையவில்லை. 1961-ல் போதை அடிமைகளைத் திருத்தும் சிறைக்கு அனுப்பப்பட்டார். வெளியே வந்தபோது வேலை கொடுக்க யாரும் முன்வரவில்லை.

நாடக மேடையிலாவது இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் 1965-ல் நியூயார்க்குக்குப் போனார். அதுவும் பலிக்கவில்லை.

விலாசம் இல்லாத உடல்

1968 மார்ச் 30-ந் தேதி நியூயார்க்கின் ஈஸ்ட் வில்லேஜ் பகுதியில், ஆளில்லாத பழைய கட்டிடத்துக்குள் விளையாடப் போன இரண்டு சிறுவர்கள் ஒரு பிணத்தைக் கண்டார்கள். போதைப் பழக்கத்தால் ரத்தக் குழாய்கள் கெட்டு, இதயம் நின்றிருந்தது. இன்னார் என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. போலீசார் போட்டோவைக் காட்டி அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. உரிமை கோர ஆள் வராததால் ஹார்ட் தீவில் அனாதைகளோடு அனாதையாகப் புதைத்தார்கள். அந்நாளில் அங்கே குழி வெட்டியவர்கள் சிறைக் கைதிகள்.

மறு ஆண்டு, தந்தை மரணப் படுக்கையில் கிடந்தார். மகனை ஒரு முறை காட்டிவிட வேண்டும் என்று தாயார் துடித்தார். டிஸ்னி ஸ்டூடியோவின் உதவியை நாடினார். தேடியபோது, பழைய கைரேகையும் அந்த அனாதைப் பிணத்தின் கைரேகையும் ஒன்றாக இருந்தன. செய்தி வெளியுலகுக்கு எட்டவே 1972 ஆயிற்று. அந்த ஆண்டு சாங் ஆப் தி சவுத் மீண்டும் திரையிடப்பட்டபோது, பத்திரிகைகள் பாபி எங்கே என்று கேட்டன.

கலிபோர்னியாவில் ஓசன்சைட் நகரில் தந்தையின் கல்லறைக் கல்லில் மகனின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. உடல் மட்டும் அங்கே இல்லை. அது இன்னும் ஹார்ட் தீவில், பெயர்ப்பலகை இல்லாத குழியில் கிடக்கிறது.