பாதியில் நின்ற இன்ஜினியரின் போர்க்கப்பல்

சினிமா ஆசையை உள்ளே வச்சுக்கிட்டு இன்ஜினியரிங் படிக்கிற ஆளுங்க உங்க கிளாஸ்லயே நாலு பேர் இருப்பாங்க. அதுல ஒருத்தர் நீங்களாகவும் இருக்கலாம். எடிட்டிங் என்கிற கலைக்கே இலக்கணம் எழுதினவங்கன்னு உலகம் சொல்ற சில பேரில் ஒருத்தர், அப்பா காட்டிய வழியில் சிவில் இன்ஜினியரிங்கில் சேர்ந்து, டிகிரியை முடிக்காமலே வெளியே வந்தவர். பெயர் செர்கேய் ஐசன்ஸ்டைன். அவர் 27 வயசில் எடுத்த கருப்பு வெள்ளை கப்பல் படம் 'பேட்டில்ஷிப் பொட்டெம்கின்'. இன்னைக்கு அது சுத்தமான பிரதியில் வீட்டு டிவியிலேயே பார்க்கக் கிடைக்கிறது. பார்க்கிறதுக்கு முன்னாடி அந்த மனுஷனைக் கொஞ்சம் தெரிஞ்சுக்குங்க.

1898 ஜனவரியில், அன்றைய ரஷ்யப் பேரரசின் ரீகா நகரில் பிறந்தார். ரீகா இப்போ லாட்வியாவின் தலைநகரம். அப்பா மிகைல் ஐசன்ஸ்டைன் அரசாங்க இன்ஜினியர், கட்டடக் கலைஞர். ஆல்பெர்ட்டா தெரு என்று கூகுளில் தட்டிப் பாருங்க: வாயைப் பிளந்து அலறுகிற முகங்கள், சிங்கங்கள், ஸ்பிங்ஸ்கள் என்று சுவர் முழுக்கச் சிற்பமாக ஒரு வரிசைக் கட்டடங்கள் வரும். அதில் பல அப்பா வரைந்தவை. ஊரே அண்ணாந்து பார்த்த அந்த வேலைப்பாட்டை மகன் மட்டும் கடைசி வரை கிண்டல் பண்ணினார். வீட்டில் அப்பா கறார். அம்மா ஜூலியா பணக்கார வணிகர் வீட்டுப் பெண். இருவருக்கும் ஒத்துவரவில்லை. சண்டைச் சத்தம் கேட்டே வளர்ந்த பையன், அம்மா பிரிந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போனதும் அப்பாவோடு தங்கிவிட்டான். பையனுக்கு சர்க்கஸ் கோமாளிகள் என்றால் உயிர். நோட்டுப் புத்தகம் முழுக்கக் கார்ட்டூன். எட்டு வயசில் பெற்றோரோடு பாரிஸ் போனபோது மெலியேஸின் மாயாஜாலப் படம் ஒன்றைப் பார்த்தான். அதுதான் சினிமாவோடு முதல் பழக்கம்.

1915-ல் பெட்ரோகிராடில் சிவில் இன்ஜினியரிங் கல்லூரி. கணக்கு நன்றாக வந்தது, படம் வரையவும் வந்தது, அதனால் பிரச்சினை இல்லை. ஆனால் சாயங்காலம் ஆனால் கால் நாடகக் கொட்டகைப் பக்கம் போய்விடும். அந்தச் சமயத்தில்தான் 1917 வந்து, நாடே தலைகீழானது. கல்லூரி மாணவர்களை ராணுவ இன்ஜினியர் பயிற்சிக்கு இழுத்தார்கள். நீவா நதியில் மிதவைப் பாலம் கட்டும் பயிற்சி ஒன்று. இன்ஜினியரிங் மாணவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டிய இடம் இது. எறும்புக் கூட்டம் மாதிரி ஆட்கள் ஓடுகிறார்கள். ஒருத்தன் பலகையைக் கொண்டு வரும் அதே வினாடியில் அடுத்தவன் கையில் கயிறு தயாராக இருக்கிறது. யாரும் யார் மேலயும் மோதவில்லை. கண் முன்னால் பாலம் நதிக்குள்ளே நீண்டுகொண்டே போகிறது. இடமும் நேரமும் அசைவும் இப்படிக் கணக்காகச் சேரும்போது வருகிற போதையை அங்கேதான் முதலில் உணர்ந்ததாகப் பல வருஷம் கழித்து நினைவுக் குறிப்பில் எழுதினார். நாம் சர்வே கேம்ப்பில் வெயிலைத் திட்டிக்கொண்டு நின்றோம். அவருக்கு அங்கே ஒரு டைரக்டர் கிடைத்தான்.

1918-ல் செம்படையில் சேர்ந்தார். அப்பா எதிர்த் தரப்பான வெண்படைப் பக்கம். உள்நாட்டுப் போரில் அப்பாவும் பிள்ளையும் எதிரெதிர் அணி. அப்பா பிறகு ஜெர்மனிக்குப் போய் அங்கேயே இறந்தார். மகன் இங்கே அரண் கட்டினார், பிரச்சார ரயில் பெட்டிகளில் படம் வரைந்தார், சிப்பாய்களை வைத்து நாடகம் போட்டார். நடுவில் ஜப்பானிய மொழி மேல் பைத்தியம் பிடித்து, அதைப் படிப்பதற்காகவே 1920-ல் மாஸ்கோ வந்தார். எதுக்கு ஒரு இன்ஜினியருக்கு ஜப்பானிய மொழின்னு கேட்கலாம். அதில் கண்ணைக் குறிக்கும் படமும் தண்ணீரைக் குறிக்கும் படமும் சேர்ந்தால் அழுகை. கதவும் காதும் சேர்ந்தால் கேட்பது. தனித்தனியே இரண்டும் வெறும் பொருள்கள், ஒட்டிவைத்ததும் படமே போட முடியாத ஒரு கருத்து. இதைத்தான் பிறகு சினிமாவுக்குக் கொண்டுவந்தார்: இரண்டு ஷாட்டைச் சேர்த்தால் கூட்டல் வராது, மோதல் வரும், அந்த மோதலில் மூன்றாவது ஒன்று பார்க்கிறவன் மண்டைக்குள் பிறக்கும். மோன்டாஜ் என்று புத்தகங்களில் பயமுறுத்துகிற விஷயம் இவ்வளவுதான்.

மாஸ்கோவில் மேயர்ஹோல்ட் என்ற நாடக மேதையிடம் மாணவராகச் சேர்ந்தார். சொந்த அப்பாவிடம் கிடைக்காததை இவரிடம் தேடினார் என்று அவர் எழுத்தைப் படித்தாலே தெரியும். மேடை போதாமல் 1924-ல் ஒரு நிஜ கேஸ் தொழிற்சாலைக்கு உள்ளேயே நாடகம் போட்டுப் பார்த்தார். நிஜ இயந்திரங்களுக்கு நடுவில் நடிப்பு பொய்யாகத் தெரிந்தது. சரி, சினிமாதான் வழி என்று இறங்கினார். முதல் படம் 'ஸ்ட்ரைக்'.

அடுத்து வந்தது அரசாங்க ஆர்டர். 1905 புரட்சியின் 20-வது ஆண்டுக்குப் பிரம்மாண்டமான ஒரு படம் வேணும், வருஷக் கடைசிக்குள் வேணும். நீனா அகட்ஜனோவா எழுதிய பெரிய திரைக்கதையில் பொட்டெம்கின் கப்பல் கலகம் ஒரு சின்னத் துண்டு, அவ்வளவுதான். லெனின்கிராடில் வானிலை சதி பண்ணவே, யூனிட் வெயிலைத் தேடி ஒடெஸாவுக்கு இறங்கியது. அங்கே அந்த நீண்ட படிக்கட்டைப் பார்த்ததும் மொத்தத் திட்டமும் மாறியது. சின்னத் துண்டே முழுப் படம் ஆனது. டெட்லைனுக்கு நாலு மாசம் இருக்கும்போது புராஜெக்ட் டைட்டிலை மாற்றுகிற துணிச்சல் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கு சொல்லுங்க.

நடந்த கலகம் 1905 ஜூனில், கருங்கடல் கடற்படையின் கப்பலில். சாப்பாட்டுக்கு வந்த இறைச்சியில் புழு. டாக்டர் நல்லாத்தான் இருக்கு என்று சான்று கொடுக்க, மாலுமிகள் சாப்பிட மறுக்க, அதிகாரிகள் துப்பாக்கியைக் காட்ட, வெடித்தது. வகுலின்சூக் என்ற மாலுமி சுடப்பட்டு இறந்தார், அவர் உடலை ஒடெஸா துறைமுகத்தில் வைத்தபோது ஊர் திரண்டது. கடைசியில் கப்பல் ருமேனியாவின் கான்ஸ்டன்ட்ஸா துறைமுகத்தில் சரணடைந்தது. இந்தச் சோக முடிவு படத்தில் கிடையாது. எதிர்க்க வந்த கப்பல்கள் சுடாமல் வழிவிட்ட அந்த ஒரு தருணத்தோடு ஐசன்ஸ்டைன் நிறுத்திக்கொண்டார். இது பிரச்சாரப் படம்தான், அதில் சந்தேகமே வேண்டாம். படிக்கட்டுப் படுகொலை கூட அப்படியே அங்கே நடந்ததில்லை. ஒடெஸாவில் மக்கள் சுடப்பட்டது உண்மை, வெள்ளைச் சட்டைச் சிப்பாய்கள் அணிவகுத்துப் படி இறங்கியது அவர் கற்பனை. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தாலும் வயிறு கலங்குகிறது, அதுதான் பயமாக இருக்கிறது.

ஷூட்டிங்கில் நடந்த கூத்து நம்ம ஆளுங்களுக்குப் பிடிக்கும். நிஜப் பொட்டெம்கினை அதற்குள் உடைத்துவிட்டார்கள். கிடைத்தது 'பன்னிரண்டு அப்போஸ்தலர்' என்ற பழைய கப்பல். மேல்தளக் கட்டுமானம் எதுவும் மிச்சமில்லை, வெறும் உடம்பு. பழைய வரைபடங்களை எடுத்து, மரத்தாலும் பலகையாலும் மேல்பகுதியைத் திரும்பக் கட்டினார்கள். அடுத்த சிக்கல், கப்பல் நின்ற கோணத்தில் பின்னால் பாறைக் கரை தெரிந்தது. கப்பல் கடலில் போகிற மாதிரி தெரியணுமே! கப்பலையே 90 டிகிரி திருப்பினார்கள், பின்னணியில் திறந்த கடல் வந்தது. மூன்றாவது சிக்கல்தான் கிளாஸ். அந்தக் கப்பல் கடற்படையின் கண்ணிவெடிக் கிடங்கு. அதை இறக்கி வைக்க நேரமில்லை. அப்படியே உள்ளே கண்ணிவெடி, மேலே கலகக் காட்சி. ஓடாதே, குதிக்காதே, சிகரெட் பற்றவைக்காதே என்று சொல்லிக்கொண்டே கலவரத்தை எடுத்திருக்கிறார்கள்.

படிக்கட்டு ஒடெஸாவில் இன்றும் இருக்கிறது. 192 படிகள். மேலே குறுகல், கீழே அகலம், அதனால் கீழிருந்து பார்த்தால் இருப்பதைவிட நீளமாகத் தெரியும். கேமராமேன் எட்வர்ட் டிஸ்ஸே படிகளை ஒட்டியே தள்ளுவண்டிப் பாதை போட்டு கேமராவை இறக்கினார். ஆனால் உண்மையான வித்தை எடிட்டிங் மேஜையில். ஓடி இறங்கினால் ஒரு நிமிஷம்கூடப் பிடிக்காத படிக்கட்டை ஆறேழு நிமிஷத்துக்கு இழுத்திருக்கிறார். பூட்ஸ் கால்கள் ஒரே தாளத்தில் இறங்கும், வெட்டு அந்தத் தாளத்தோடு போகாது, முன்னாடி விழும். அந்தப் பொருந்தாமையில்தான் நம்ம நெஞ்சு படபடக்கிறது. குழந்தை வண்டி தனியாக உருளும் இடம் பார்த்த மாதிரி இருந்தால் ஆச்சரியப்படாதீங்க, 1987-ல் வந்த 'தி அன்டச்சபிள்ஸ்' படத்தில் பிரையன் டி பால்மா அதை ரயில் நிலையத்தில் திரும்ப எடுத்தார்.

இன்னொரு லேப் விஷயம். அன்றைய ஃபிலிமில் சிவப்பு நிறம் கருப்பாகத்தான் பதியும். கலகக்கொடி கருப்பாகத் தெரிந்தால் கதை கந்தல். அதனால் வெள்ளைக் கொடியை ஏற்றிப் படம்பிடித்து, பிரதியில் ஒவ்வொரு ஃப்ரேமாகக் கையால் சிவப்பு வண்ணம் தீட்டினார்கள்.

1925 டிசம்பர் 21, மாஸ்கோ போல்ஷாய் தியேட்டரில் முதல் காட்சி. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்ததாம், கடைசி ரீலின் துண்டுகளைச் சரியாக ஒட்டவே இல்லை, எச்சில் தொட்டு வைத்ததோடு சரி. நல்லவேளை, அறுந்து விழவில்லை. சப்மிஷன் அன்றைக்குக் காலையில் ஸ்பைரல் பைண்டிங் போட ஓடுகிறவர்கள் தெம்பாக இருக்கலாம்.

இதற்கப்புறம் இந்தப் படத்துக்கு நடந்ததுதான் கொடுமை. ஒரிஜினல் நெகட்டிவை ஜெர்மனிக்கு விற்றார்கள். 1926-ல் பெர்லினில் எட்மண்ட் மைசலின் இசையோடு படம் தீயாய் ஓடியது, ஆனால் சென்சார் அந்த ஒரிஜினல் நெகட்டிவையே வெட்டியது. பிரிட்டன் 1954 வரை தடை போட்டது. சொந்த ஊரில் மட்டும் வாழ்ந்ததா? படத்தின் ஆரம்பத்தில் டிராட்ஸ்கியின் வரிகள் இருந்தன. டிராட்ஸ்கி ஸ்டாலினுக்கு எதிரி ஆனதும் அந்த அட்டை போய் லெனின் வரிகள் வந்தன. வெட்டுவதில் மேதை எடுத்த படத்தை ஆளாளுக்கு வெட்டினார்கள்.

படைத்தவருக்கும் அதே கதிதான். 'அக்டோபர்' படத்திலிருந்து டிராட்ஸ்கியை நீக்கச் சொன்னார்கள், நீக்கினார். 1930-ல் ஹாலிவுட்டில் பாரமவுண்ட் கூப்பிட்டு, திரைக்கதைகளை வாங்கிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று அனுப்பியது. எழுத்தாளர் அப்டன் சின்க்ளேர் பணம் போட, மெக்ஸிகோவில் மணிக்கணக்கில் படம் எடுத்தார். செலவு எகிறியது, சின்க்ளேர் நிறுத்திவிட்டார். எடுத்த ஃபிலிம் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டது. எடிட்டிங்தான் சினிமா என்று சொன்ன மனுஷனுக்கு, தான் எடுத்ததைத் தானே எடிட் பண்ணக் கடைசி வரை வாய்க்கவில்லை. 1932-ல் ஊர் திரும்பி அடுத்து எடுத்த 'பெழின் மெடோ' 1937-ல் பாதியில் தடை. 1938-ல் புரோகோஃபியெவ் இசையில் 'அலெக்ஸாண்டர் நெவ்ஸ்கி' வந்து லெனின் விருது வாங்கித் தந்தது. அடுத்த வருஷமே ஹிட்லரோடு ஒப்பந்தம் போட்டதால், ஜெர்மானியரை எதிர்க்கும் அந்தப் படத்தைத் தியேட்டரிலிருந்து தூக்கினார்கள். 1941-ல் ஹிட்லர் படையெடுத்ததும் திரும்ப ஓட்டினார்கள்.

இவர் வளைந்து கொடுத்தவர்தானே என்று கேட்டால், ஆமாம். தன் தவறுகளைத் தானே கண்டித்து அறிக்கை எழுதியவர். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. 1939-ல் அவருடைய குரு மேயர்ஹோல்டைக் கைது செய்து, 1940 பிப்ரவரியில் சுட்டுக் கொன்றார்கள். அந்தப் பெயரைச் சொல்லவே ஊர் நடுங்கிய நாளில், மேயர்ஹோல்டின் காகிதங்களை வாங்கித் தன் ஊர்ப்புற வீட்டில் ஒளித்துவைத்துக் காப்பாற்றியவர் ஐசன்ஸ்டைன். பிடிபட்டிருந்தால் இவருக்கும் அதே தோட்டா. அந்தக் காகிதங்கள் இன்றும் இருக்கின்றன.

'இவான் தி டெரிபிள்' முதல் பாகத்துக்கு 1946-ல் ஸ்டாலின் பரிசு. அந்த விருந்தில் ஆடிக்கொண்டிருந்தபோதே மாரடைப்பு. அதே வருஷம் இரண்டாம் பாகத்துக்குத் தடை. சந்தேகமும் ரகசியப் போலீசுமாக ஆளும் ஜார் மன்னனைப் பார்த்தால் ஸ்டாலினுக்கு யார் ஞாபகம் வந்திருக்கும்? 1947-ல் கிரெம்ளினுக்குக் கூப்பிட்டுத் திருத்தச் சொன்னார். சரி என்று வந்தவர் ஒரு அடி ஃபிலிமையும் தொடவில்லை. 1948 பிப்ரவரியில் இரவு எழுதிக்கொண்டிருந்தபோது இதயம் நின்றது. 50 வயசு. இரண்டாம் பாகம் வெளியே வந்தது 1958-ல்தான்.

பொட்டெம்கினைச் சேர்த்துத் தைக்கும் வேலையை ஜெர்மனியில் என்னோ படாலாஸ் முன்னின்று செய்தார். பல நாட்டுப் பிரதிகளை ஒப்பிட்டு, வெட்டுப்பட்ட ஷாட்களைத் தேடி ஒட்டி, 146 எழுத்து அட்டைகளையும் மீட்டு, 2005-ல் பெர்லின் திரைப்பட விழாவில் காட்டினார்கள். டிராட்ஸ்கியின் வரிகள் பழைய இடத்துக்கு வந்தன, கொடி திரும்பச் சிவந்தது. மைசலின் இசையைப் புதிதாக வாசித்துச் சேர்த்தார்கள். இதைத்தான் கினோ நிறுவனம் 2007-ல் டிவிடியாகவும் 2010-ல் ப்ளூரேயாகவும் கொண்டுவந்தது. யூடியூபில் பழைய பிரதிகள் நிறையக் கிடக்கும், அதில் 1950-ல் வேறு இசை சேர்த்ததும் உண்டு, 1976-ல் ஷோஸ்டகோவிச் இசையோடு வந்ததும் உண்டு. தேடினால் 2005 பிரதியைத் தேடுங்க. எழுபது நிமிஷம் சொச்சம்தான், ஹாஸ்டலில் ஒரு சாயங்காலம் போதும்.

படிக்கட்டுக் காட்சி முடிந்ததும் கப்பல் பீரங்கி பதிலடி கொடுக்கும். அப்போ ஒரு கல் சிங்கம் தூக்கத்திலிருந்து எழுந்து நிற்கும். கிரிமியாவில் அலுப்கா அரண்மனை வாசலில் இருக்கிற மூன்று தனித்தனிச் சிலைகள் அவை: ஒன்று தூங்குவது, ஒன்று விழிப்பது, ஒன்று எழுவது. அப்பா ரீகாவில் கட்டடத்து உச்சியில் உட்கார வைத்த சிங்கங்கள் இன்னும் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. மகனுடைய சிங்கம் மூணே ஷாட்டில் எழுந்துவிடுகிறது. ரிமோட்டைக் கையில் வச்சுக்குங்க, ஒவ்வொரு ஃப்ரேமா நிறுத்திப் பாருங்க.